எனக்குப் பின் என்ன மிஞ்சும் என்று கேட்ட சகோதரருக்கு

சகோதரரே, உங்கள் கேள்வியை இரண்டு நாளாக மனதில் வைத்துக்கொண்டே திரிந்தேன். வயது 54. வங்கியில் 28 வருஷம். பிள்ளைகள் இருவரும் வெளியூரில். ஞாயிறு ஆராதனை தவறியதில்லை, தசமபாகம் தவறியதில்லை. இருந்தும் ராத்திரி விழிப்பு வந்தால் "தேவன் என்னை எதற்காகப் படைத்தார், நான் போன பின் என் பேர் சொல்ல என்ன இருக்கும்" என்ற நினைப்பு வந்து தூக்கமே போய்விடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வந்துவிடலாமா, மனைவி சம்மதிக்கவில்லை, என்ன செய்ய என்று முடித்திருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு ராஜினாமா கடிதம் எழுதாதீர்கள். ஏன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. தேவன் எனக்கு வைத்த வேலை என்ன என்பது ஒன்று, எனக்குப் பின் என்ன நிற்கும் என்பது இன்னொன்று. முதல் கேள்வியைக் கேட்டவர்களுக்கு வேதத்தில் பதில் கிடைத்திருக்கிறது. இரண்டாவதைக் கேட்டவர்களின் கதை அவ்வளவு நன்றாக முடியவில்லை. அப்சலோமைப் பாருங்கள். "என் பேரை நினைக்கப்பண்ணும்படியாக எனக்குக் குமாரன் இல்லை" என்று சொல்லி, உயிரோடே இருக்கையில் ராஜாவின் பள்ளத்தாக்கில் தனக்கென்று ஒரு தூணை நிறுத்திக்கொண்டான். இது 2 சாமுவேல் 18:18. அதற்கு முந்தின வசனத்தை வாசியுங்கள், அவனைக் காட்டிலே ஒரு பெரிய குழியில் போட்டு மேலே கற்களைக் குவித்துவிட்டுப் போகிறார்கள். குழியும் தூணும் அடுத்தடுத்த வசனத்தில்.

அவன் அப்பா தாவீதைப் பற்றிப் பவுல் பிசீதியாவில் இருக்கும் அந்தியோகியாவில் பேசும்போது ஒரே வரியில் முடித்துவிடுகிறார்: "தாவீது தன் காலத்திலே தேவனுடைய சித்தத்தின்படி அவருக்கு ஊழியஞ்செய்தபின்பு நித்திரையடைந்து" (அப்போஸ்தலர் 13:36). நான் இந்த வசனத்தில் "தன் காலத்திலே" என்ற இடத்தில் பல வருஷம் நின்றிருக்கிறேன். தாவீது ஆலயம் கட்ட ஆசைப்பட்டார், கர்த்தர் நீ கட்ட வேண்டாம் என்றார், அவரோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் கல்லும் இரும்பும் கேதுரு மரமும் சேர்த்து வைத்துவிட்டுப் போனார். கட்டினது மகன். இன்றைக்கும் அதற்குச் சாலொமோன் தேவாலயம் என்றுதான் பேர்.

எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு சபை, பேர் வேண்டாம். மதில் சுவர் கட்டினார்கள். கட்டி முடித்ததும் உபயம் கொடுத்தவர்கள் பேரைக் கல்லில் வெட்டுவது என்று முடிவானது. யார் பேர் முதலில் என்பதில் இரண்டு குடும்பங்களுக்குள் வாய்ச்சண்டை வந்து, அப்புறம் பேச்சுவார்த்தை அற்றுப்போய், ஒரே ஆலயத்தில் ஒரு குடும்பம் வலப்பக்கம், ஒரு குடும்பம் இடப்பக்கம் என்று வருஷக்கணக்கில் உட்கார்ந்தார்கள். அதில் ஒரு குடும்பம் என் சித்தப்பாவுடையது. அவர் இறந்தபோது அந்த வீட்டிலிருந்து ஒருவரும் அடக்கத்துக்கு வரவில்லை. அந்தக் கல் இப்போதும் இருக்கிறது, காகிதப்பூக் கொடி படர்ந்து பாதி எழுத்து மறைந்துவிட்டது. ஒவ்வொரு முறை அந்தப் பக்கம் போகும்போதும் எனக்கு மனம் கனத்துப்போகும். சித்தப்பா கெட்டவர் அல்ல. உங்களைப் போலத்தான், தனக்குப் பின் ஏதாவது இருக்க வேண்டும் என்று ஏங்கினவர்.

அதே எங்கள் மாவட்டத்தில்தான் டோனாவூரும் இருக்கிறது. ஏமி கார்மைக்கேல் என்ற மிஷனெரி 1901 முதல் அங்கே இருந்தார். கோவில்களுக்கு விடப்பட இருந்த பெண் குழந்தைகளையும் கைவிடப்பட்ட குழந்தைகளையும் எடுத்து வளர்த்தவர். 1931-இல் கீழே விழுந்து அடிபட்ட பின் ஏறக்குறைய இருபது வருஷம் படுக்கையும் அறையுமாகவே கழிந்தது. 1951 ஜனவரியில் இறந்தார். தன் கல்லறைமேல் கல் நாட்டக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகளுக்கு அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை போலும். பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டியை அங்கே வைத்து, தாங்கள் அவரைக் கூப்பிட்ட ஒற்றைச் சொல்லை அதில் பொறித்தார்கள். அம்மா என்று கூப்பிட்ட சொல். நான் முதல் தடவை அதைப் பார்த்தபோது பக்கத்தில் நின்றவரிடம் பேச முடியவில்லை.

சரி, நான் உண்மையில் சொல்ல வந்தது ஒரு குடும்பத்தைப் பற்றி. கொல்லிமலை பிராண்ட் குடும்பம். ஆங்கிலத்தில் நிறைய எழுதியிருக்கிறார்கள், ஆனால் நம் சபைகளில் பிரசங்கத்தில் அதிகம் கேட்டதில்லை, அது எனக்கு ஒரு குறை.

ஜெஸ்ஸி பிராண்ட் இங்கிலாந்திலிருந்து 1907-இல் மிஷனெரியாக இந்தியா வந்தவர். எவலின் ஹாரிஸ் லண்டனில் வசதியான வீட்டுப் பெண், ஓவியம் படித்தவர். இருவருக்கும் 1913-இல் கல்யாணம் நடந்தது, கையோடு மலை ஏறினார்கள். இன்றைக்கு நாமக்கல்லிலிருந்து போனால் காரவள்ளி தாண்டி 70 கொண்டை ஊசி வளைவு, பஸ்ஸே ஏறுகிறது. அப்போது ஒற்றையடிப் பாதைதான். கால்நடையாகவோ டோலியிலோ போக வேண்டும். மேலே மலேரியா. கீழ்நாட்டு ஆட்கள் அங்கே தங்கவே பயந்த காலம். ஜெஸ்ஸி அங்கே மரத்தால் ஒரு வீடு கட்டினார், மருந்து கொடுத்தார், பல் பிடுங்கினார், தச்சு வேலை சொல்லிக்கொடுத்தார், மலைவாசிகளைக் கடனில் அழுத்தி வைத்திருந்தவர்களோடு மல்லுக்கு நின்றார். பிரசங்கமும் செய்தார். வருஷக்கணக்கில் ஒருவரும் விசுவாசத்துக்கு வரவில்லை. மருந்துக்கு வருவார்கள், வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

அங்கே ஒரு பூசாரி அவர்களைக் கடுமையாக எதிர்த்து வந்தார். முதல் உலகப்போர் முடியும் சமயத்தில் உலகமெல்லாம் பரவிய விஷக்காய்ச்சல் கொல்லிமலைக்கும் வந்தது. பூசாரிக்கும் காய்ச்சல், அவர் மனைவிக்கும் காய்ச்சல். சொந்த ஜனமே தொற்றுக்குப் பயந்து கிட்டே போகவில்லை. போனது இந்தப் புருஷனும் பெண்சாதியும்தான். கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, கழுவித் துடைத்துப் பார்த்துக்கொண்டார்கள். சாகும்போது அந்தப் பூசாரி தன் கைக்குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்தார். அந்தப் பெண் குழந்தைக்கு ரூத் என்று பேர் வைத்து எவலின் வளர்த்தார். அதற்குப் பிறகுதான் மலையில் கதவு திறந்தது.

ஜெஸ்ஸி 1929 ஜூனில் மலேரியா முற்றி வரும் கருநீர்க் காய்ச்சலில் இறந்தார். வயது 44. மகன் பால் அப்போது இங்கிலாந்தில் படித்துக்கொண்டிருந்தான், ஒன்பது வயதில் அனுப்பி வைத்தது, அதற்குப் பின் அப்பாவைப் பார்க்கவே இல்லை. மரணச் செய்தி தந்தியில் போய்ச் சேர்ந்தது. அப்பா அதற்கு முன் எழுதிப் போட்ட கடிதம் கப்பலில் மெதுவாகப் போய், தந்திக்குப் பின்னால் அவன் கைக்குக் கிடைத்தது. மலையில் பார்த்த மரங்களையும் ஜீவராசிகளையும் பற்றி எழுதும் பழக்கம் அவருக்கு உண்டு. செத்துப்போன அப்பாவின் கடிதத்தை அந்தப் பையன் எப்படிப் பிரித்திருப்பான் என்று நினைத்தாலே எனக்குத் தொண்டை அடைக்கும்.

அந்த வாரத்தில் யாராவது அங்கே போய், ஜெஸ்ஸி பிராண்ட் விட்டுப்போனது என்ன என்று கணக்கு எடுத்திருந்தால் என்ன எழுதியிருப்பார்? மலைமேல் ஒரு சின்னச் சபை, ஒரு மரவீடு, ஐம்பது வயதை எட்டிய ஒரு விதவை, கடலுக்கு அப்பால் தகப்பனில்லாத இரண்டு பிள்ளைகள். 44 வயதுக்கு இவ்வளவுதானா என்று உங்களைப் போல அவரும் ஒரு ராத்திரி படுக்கையில் கேட்டிருக்கக் கூடும், நமக்குத் தெரியாது.

மேலே நடந்ததைச் சொல்கிறேன். பால் பிராண்டுக்கு வைத்தியப் படிப்பே பிடிக்காது. சின்ன வயதில் மலையில் அப்பா ஆறாத புண்களைக் கழுவுவதைப் பார்த்து அருவருப்பு. அதிலும் ஒரு நாள், அவனுக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது, தொழுநோய் வந்தவர்கள் சிலர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். பிள்ளைகளை உள்ளே போகச் சொல்லிவிட்டு ஜெஸ்ஸி கையுறை போட்டுக்கொண்டு அவர்கள் கால்களைக் கழுவிக் கட்டுப் போட்டு அனுப்பினார். பையன் ஒளிந்திருந்து பார்த்தான், பயம்தான் மிஞ்சியது. அதனால் மருத்துவம் வேண்டாம், அப்பாவைப் போல மிஷனெரியாகலாம், கட்டடம் கட்டத் தெரிந்திருந்தால் உதவும் என்று சொல்லி லண்டனில் கொத்து வேலையும் தச்சு வேலையும் கற்றுக்கொண்டான். சில வருஷங்கள் அதிலேயே போயின. அப்புறம் மிஷனெரிகளுக்கான ஒரு சின்ன மருத்துவப் பயிற்சியில் சேர்ந்தபோது மனம் மாறி, மருத்துவம் படித்து அறுவை சிகிச்சை நிபுணராகி, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) வந்தார்.

வேலூர் என்றதும் ஐடா ஸ்கடரை ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. அந்தக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும்: திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று வீட்டு ஆட்கள் பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணுக்கு உதவி கேட்டு வந்தது, ஆண் மருத்துவர் வேண்டாம் என்று திரும்பிப்போனது, விடிந்தால் மூன்று பெண்களும் செத்திருந்தது, மிஷனெரியாகவே மாட்டேன் என்றிருந்த ஐடா அதன்பின் அமெரிக்கா போய் மருத்துவம் படித்துவிட்டு 1900-இல் திரும்பியது. 1918-இல் வேலூரில் பெண்களுக்காக மருத்துவப் பள்ளி ஆரம்பித்தார், அதுதான் பிற்பாடு சி.எம்.சி. ஆனது. எனக்கு அவரிடம் இதைவிடப் பெரிதாகப் படுவது பிற்பாடு நடந்தது. பெண்களுக்கென்றே உயிரைக் கொடுத்துக் கட்டினதில், கல்லூரி பிழைக்க வேண்டுமானால் ஆண்களையும் சேர்க்க வேண்டும் என்ற நிலை வந்தது. அது அவர் முதலில் கண்ட தரிசனம் இல்லை. கூட நின்று பணம் திரட்டின நெருங்கிய தோழிகளே எதிர்த்தார்கள். அவர் அதற்கு இடம் கொடுத்தார், 1947 முதல் ஆண்களும் சேர்ந்தார்கள். தான் கட்டினதைத் தன் கண் முன்னாலேயே வேறொன்றாக மாற விடுவதற்கு எவ்வளவு மனசு வேண்டும்! பிராண்ட் வந்தது இப்படி மாறிக்கொண்டிருந்த அந்த வேலூருக்குத்தான்.

பிராண்ட் செங்கல்பட்டுத் திருமணியில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கே டாக்டர் காக்ரேன் சுற்றிக் காட்டினார். எல்லார் கையிலும் விரல் மடங்கி, குறுகி, காயம். இதற்கு எலும்பு வைத்தியர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்று கேட்டால், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பதுதான் பதில். தொழுநோய் வந்தால் சதை தானாகவே அழுகி விழும் என்று எல்லாரும் நம்பிய காலம் அது. பிராண்டும் கூட இருந்தவர்களும் பொறுமையாகத் தேடிப் பார்த்ததில் தெரிந்தது வேறு. நரம்பு செத்து வலி தெரியாமல் போகிறது, அதனால் கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் தூக்குகிறார்கள், ஆணி குத்தின காலோடு நடக்கிறார்கள், தூங்கும்போது எலி கடித்தால்கூடத் தெரிவதில்லை. விரல் அப்படித்தான் போகிறது. வேலை செய்யும் தசைநாரை எடுத்து வேலை செய்யாத விரலுக்கு மாற்றிக் கட்டி, மடங்கின கையை அவர் விரிய வைத்தார்.

விரிந்த கையோடு ஊருக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். வேலை கொடுப்பவர் இல்லை. முன்பு மடங்கின கையைக் காட்டிப் பிச்சை எடுக்கவாவது முடிந்தது, இந்தக் கைக்கு அதுவும் கிடைக்கவில்லை. அப்போதுதான் லண்டனில் கற்ற தச்சு வேலை உதவிக்கு வந்தது, சகோதரரே. மருத்துவக் கல்லூரி வளாகத்தில் குடிசைகள் போட்டு, புண்படாமல் உளியும் வாளும் பிடிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்து, மரப் பொம்மைகள் செய்ய வைத்தார். நவஜீவ நிலையம் என்று பேர். வீணாய்ப் போனது என்று அவரே ஒரு காலத்தில் நினைத்திருக்கக்கூடிய வருஷங்கள் இல்லாவிட்டால் அது நடந்திருக்காது. உங்கள் 28 வருஷ வங்கி வேலையை நீங்கள் எழுதியிருந்த விதத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது இந்த உளியும் வாளும்தான்.

இன்னும் ஒன்று. வலி தெரியாத காலுக்குப் புண் வராமல் இருக்க வேலூரிலும் பக்கத்தில் கரிகிரி தொழுநோய் மருத்துவமனையிலும் மிருதுவான ரப்பர் அடி வைத்த செருப்பு செய்தார்கள். 1966-இல் பிராண்ட் அமெரிக்கா போன பின், அதே அறிவு சர்க்கரை நோயாளிகளின் காலைக் காப்பாற்றவும் பயன்பட்டது. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ சர்க்கரை நோய் உள்ள யாராவது அந்த மிருதுவான ரப்பர் அடி வைத்த எம்.சி.ஆர். செருப்பு போட்டுக்கொண்டு நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். கொல்லிமலையில் ஒரு நாள் ஒரு மனிதர் வாசலில் உட்கார்ந்து அந்நியர்களின் கால்களைக் கழுவினதற்கும் அந்தச் செருப்புக்கும் இடையே ஒரு கோடு போகிறது. ஜெஸ்ஸிக்கு அது தெரியாது. கையுறையைக் கழற்றிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்பார்.

எவலின் என்ன ஆனார்? கணவர் போன பின் மிஷன் அவரைக் கீழே வேறு வேலைகளுக்குப் போட்டது. ஏறக்குறைய 70 வயதில் ஓய்வு கொடுத்துவிட்டது. அவர் ஊருக்குப் போகவில்லை. கணவரும் தானுமாக ஐந்து மலைகளுக்குப் போக வேண்டும் என்று ஜெபித்திருந்தார்கள், கொல்லிமலை மட்டும்தான் நடந்திருந்தது. மிஷன் சம்பளம் இல்லாமல், தன் சொந்தப் பொறுப்பில், மட்டக்குதிரை ஏறி கல்வராயன், பச்சைமலை என்று கிளம்பினார். மருந்துப் பெட்டி, வேதம். விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது, இனிப் போதும் அம்மா என்று மகன் கெஞ்சினார், கேட்கவில்லை. இரண்டு மூங்கில் கழியை ஊன்றிக்கொண்டு நடந்தார். முகம் பார்க்கும் கண்ணாடியே பல வருஷம் வைத்துக்கொள்ளவில்லை. 1974 டிசம்பரில் இறந்தார், வயது 95. கொல்லிமலையில் கணவரின் கல்லறைக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். 54 வயதில் எல்லாம் முடிந்துவிட்டது போல எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் இதை இவ்வளவு விவரமாகச் சொன்னேன்.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு நாளைக்கே மலை ஏறக் கிளம்பாதீர்கள். நம் சபைகளில் மிஷனெரி சரித்திரம் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு பயம் உண்டு. கேட்கிறவர்கள் ஒன்று கண்ணீர் விட்டு மறந்துவிடுகிறார்கள், அல்லது தன் வீட்டையும் வேலையையும் அற்பமாக நினைக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அழைப்பு இருந்தால் போங்கள், நான் தடுக்க யார்? ஆனால் உங்கள் கடிதத்தில் எந்த இடத்துக்கு, எந்த ஜனத்துக்கு என்று ஒரு வார்த்தை இல்லை. "இதுவரை ஒன்றும் செய்யவில்லை" என்ற குற்ற உணர்வு மட்டும்தான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஊழியத்துக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐந்து வருஷத்தில் களைத்துப்போய், வீட்டையும் கடனில் தள்ளிவிட்டு, கர்த்தர்மேல் கசப்போடு நிற்கிறார்கள்.

யோப்பா பட்டணத்துத் தொற்காளை நினைத்துக்கொள்ளுங்கள். அப்போஸ்தலர் 9. அவள் பிரசங்கம் பண்ணினதாகவோ பயணம் போனதாகவோ எங்கும் இல்லை. தைத்தாள். அவள் செத்தபோது மேல்வீட்டில் விதவைகள் எல்லாரும் பேதுருவைச் சுற்றி நின்று அழுது, அவள் செய்து கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையும் எடுத்துக் காட்டினார்கள். சாட்சி சொல்லும்படி யாரும் அவர்களைக் கேட்கவில்லை, துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் சபையில் நாற்பது வருஷத்துக்கு மேல் ஓய்வுநாள் பள்ளி நடத்தின ஒரு அக்காள் இருந்தார். கல்யாணம் ஆகவில்லை, சத்துணவுக் கூடத்தில் வேலை. அவர் அடக்க ஆராதனைக்கு நாங்கள் ஐம்பது பேர் வருவார்கள் என்று நினைத்தோம். முற்றத்தில் இடம் போதவில்லை, தெருவில் நாற்காலி போட்டோம். லாரி ஓட்டுகிற ஒருவர், வண்டியை ரோட்டோரம் விட்டுவிட்டு வந்தவர், "மனப்பாட வசனம் சொன்னா அக்கா ஒரு கடலை மிட்டாய் குடுப்பாங்க, எனக்குச் சொல்ல வராட்டாலும் குடுப்பாங்க" என்று சொல்லித் தேம்பித் தேம்பி அழுதார்.

பிடியரிசிக் காணிக்கையும் இந்த வகைதான். எங்கள் பக்கத்துப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள், அது சபைக்குச் சேரும். வேதநாயகம் அசரியா முதலானவர்கள் 1903-இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தை ஆரம்பித்தபோது, இந்தியர்களே போக வேண்டும், இந்தியர்கள் பணமே போதும், நிர்வாகமும் இந்தியர்களிடமே என்று வைத்தார்கள். தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் வரைக்கும் அந்த ஊழியம் போயிற்று, அசரியாவே 1912-இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயராகி அங்கே போனார். அவர் பேர் எல்லாருக்கும் தெரியும். பனங்காட்டு ஊர்களில் அரைவயிற்றுக்குச் சாப்பிட்டுக்கொண்டு காணிக்கை எடுத்து வைத்த பெண்கள் பேர் எந்தச் சரித்திரத்திலும் இல்லை. அவர்கள் அதைப் பற்றிக் கவலைப்பட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி உங்கள் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 28 வருஷம் வங்கியில் இருந்த மனிதருக்கு, படிவம் நிரப்பத் தெரியும், எது மோசடி என்று தெரியும், எந்தத் திட்டத்தில் யாருக்கு என்ன கிடைக்கும் என்று தெரியும். உங்கள் சபையில் எத்தனை விதவைகள், கணவர் கணக்கில் இருந்த பணத்தை எடுக்கத் தெரியாமல் நடையாய் நடக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்களா? எத்தனை பேர் நகையைத் தனியாரிடம் வைத்து மாதம் மூன்று வட்டி, ஐந்து வட்டி கட்டுகிறார்கள்? கொல்லிமலையில் ஜெஸ்ஸி பிராண்ட் போராடினது இதே கடனோடுதான். சனிக்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேரம் ஆலய வளாகத்தில் ஒரு மேசை போட்டு உட்காருங்கள். கிறிஸ்தவர்களுக்கு மட்டும் என்று வைக்காதீர்கள், தெருவில் யார் வந்தாலும் பார்த்துக் கொடுங்கள். துண்டுப் பிரதியை அவர்கள் கையில் திணிக்க வேண்டாம். ஏன் இதைச் செய்கிறீர்கள் என்று என்றாவது ஒருவர் கேட்பார், அன்றைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

சபைக் கணக்கையும் சொல்ல வேண்டும். நாணயமான பொருளாளர் ஒருவர் கிடைக்க எத்தனை சபைகள் ஏங்குகின்றன என்று உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு மாதமும் வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிற ஆளாக இருங்கள். அதற்கு ஏச்சும் கிடைக்கும், தயாராக இருங்கள். "எதைச் செய்தாலும், அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல், கர்த்தருக்கென்றே மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள்" என்று பவுல் கொலோசெயருக்கு எழுதினது அங்கே இருந்த அடிமை வேலைக்காரர்களுக்கு. அவர்களுக்கு ராஜினாமா பண்ணக்கூட வழியில்லை. அவர்கள் செய்த வேலையையே கர்த்தர் தம் கணக்கில் எழுதிக்கொண்டார்.

அப்புறம் உயில். சிரிக்காதீர்கள், நான் முழு மனதோடு சொல்கிறேன். "நல்லவன் தன் பிள்ளைகளின் பிள்ளைகளுக்குச் சுதந்தரம் வைத்துப்போகிறான்" என்ற வசனத்தை எல்லாரும் சொல்கிறோம், உயில் எழுதி வைத்தவர்கள் எத்தனை பேர்? அப்பா ஒரு வார்த்தை எழுதி வைக்காததால் கோர்ட்டில் நிற்கும் அண்ணன் தம்பிகளை நற்கருணைப் பந்தியில் பார்க்கும்போது வேதனையாக இருக்கிறது. வங்கிக் கணக்கில் நாமினி என்பவர் பணத்தை வாங்கிக்கொள்கிறவர்தான், வாரிசு அல்ல என்று உங்களுக்குத் தெரியும், உங்கள் சபைக்குத் தெரியாது. உயில் இல்லாமல் போனால் நமக்கு 1925-ஆம் வருஷ இந்திய வாரிசுரிமைச் சட்டம்: மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக, மகளென்றும் மகனென்றும் வித்தியாசம் இல்லாமல். திருவிதாங்கூர் கிறிஸ்தவப் பெண்களுக்கு இந்தச் சம உரிமை கிடைக்க மேரி ராய் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது, 1986-இல் தீர்ப்பு வந்தது. உயில் எழுதினால் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்துப் போடுங்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிவு செய்துவிடுங்கள். சபைக்கோ ஊழியத்துக்கோ ஏதாவது எழுத நினைத்தால், முன்பு நெருங்கிய உறவு உள்ள கிறிஸ்தவர்களுக்கு அதில் ஒரு கடினமான நிபந்தனை இருந்தது, 2003-இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்துவிட்டது. ஆனால் மகளுக்குச் சேர வேண்டியதைக் குறைத்து ஆலயத்துக்கு எழுதிக் கல்லில் பேர் வெட்டிக்கொள்ளாதீர்கள். கொர்பான், அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தாய் தகப்பனைக் கைவிட்டவர்களை ஆண்டவர் எப்படிக் கடிந்துகொண்டார் என்று மாற்கு 7-இல் இருக்கிறது. பிள்ளைகள் விஷயத்திலும் அதே மனதைத்தான் அவர் பார்ப்பார் என்பது என் எண்ணம்.

பிள்ளைகள் வெளியூரில், ஜெபத்துக்கு நேரமில்லை என்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். பவுல் தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றிப் பேசும்போது பாட்டி லோவிசாள், தாய் ஐனிக்கேயாள் என்று இரண்டு பெண்களின் பேரைச் சொல்கிறார். அவர்கள் என்ன செய்தார்கள் என்ற விவரம் அதிகம் இல்லை, சின்ன வயதிலிருந்தே வேத வாக்கியங்கள் அவனுக்குத் தெரிந்திருந்தது என்று மட்டும் இருக்கிறது. போனில் பிரசங்கம் பண்ணாதீர்கள். ஜெஸ்ஸி மகனுக்கு எழுதினது போல எழுதுங்கள். இன்றைக்கு யாருக்கு என்ன உதவி செய்தேன், முற்றத்து முருங்கையில் என்ன பறவை வந்தது, எந்த வசனம் என்னை நிறுத்தியது, எதில் தவறினேன், எதற்காக மன்னிப்புக் கேட்டேன் என்று நாலு வரி. வாட்ஸ்அப்பில் வேண்டாம், தாளில், உங்கள் கையெழுத்தில். பதில் வராவிட்டாலும் எழுதுங்கள்.

கடைசியாக உங்கள் மனைவி. சம்மதிக்கவில்லை என்று ஒரு தடை போலக் குறிப்பிட்டிருக்கிறீர்கள், ஏன் சம்மதிக்கவில்லை என்று அவர் என்ன சொன்னார் என்பதை எழுதவில்லை. இத்தனை வருஷம் உங்களோடு இருந்தவர், உங்களுக்கு எதில் வரம் இருக்கிறது, எதில் இல்லை என்று உங்கள் ஆயரைவிட, என்னைவிட அவருக்குத் தெரியும். இன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின், முடிவைச் சொல்லாமல், "நான் யாருக்கு உபயோகமாக இருந்ததை நீ பார்த்திருக்கிறாய்" என்று மட்டும் அவரிடம் கேளுங்கள். இடையில் பேசாதீர்கள். அவர் சொல்லும் பேர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்து எனக்குப் பதில் போடுங்கள், அந்தப் பேர்களிலிருந்து மேலே பேசுவோம்.